டிஜிட்டல் பியானோ: தொடக்கநிலை போதுமா, இடைநிலைக்குப் போகலாமா? சிங்கப்பூர் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்த்த வாரமே நண்பர்களிடமிருந்து செய்தி வந்துவிடும்: "எதை வாங்கலாம்?" நான் இசை ஆசிரியன் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்காக மூன்று கருவி வாங்கி, அதில் ஒன்றை நஷ்டத்துக்கு விற்ற தகப்பன், அவ்வளவுதான். ஒரே பதிலை ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடக்கநிலை, இடைநிலை என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

விலையை வைத்துத்தான். வேறு எந்த அளவுகோலும் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் வெள்ளிக்குள் முடிவதைத் தொடக்கநிலை என்பார்கள். யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, காசியோ சிடிபி-எஸ்110 எல்லாம் இந்த வகை. 88 கீ இருக்கும், கீகளுக்கு எடை இருக்கும், ஒலிபெருக்கி சிறியது, கூட வரும், காலால் மிதிக்கும் பெடல் ஒற்றைப் பெட்டி மாதிரி. அதற்கு மேலே ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ், யமஹா பி-225, காவாய் இஎஸ்520 போன்றவை. மேசைபோல் மரச்சட்டத்தோடு, மூன்று பெடலோடு வரும் யமஹா ஒய்டிபி-165 மாதிரியானவையும் இடைநிலையில்தான் சேரும். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் விலை மாறும் என்பதால் எதற்கும் துல்லியமான விலை சொல்லப்போவதில்லை.

கூடுதல் பணம் கொடுத்தால் விரலுக்கு என்ன கிடைக்கும்?

முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஆனால் பலர் இதைக் கேட்பதே இல்லை. "எத்தனை ஒலி இருக்கு, ப்ளூடூத் இருக்கா" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நிஜ பியானோவில் கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிப்போய்க் கம்பியை அடிக்கிறது. விரலில் உணர்வது அந்தச் சுத்தியலின் எடை. டிஜிட்டலில் கம்பி கிடையாது. ஆனால் ஒவ்வொரு கீக்கும் ஒரு சிறு சுத்தியலைக் கோத்து அந்த எடையை வரவழைக்கிறார்கள். இடது பக்கத்துக் கீகள் கனமாகவும் வலது பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கும். கீ எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை அடியில் உள்ள உணரிகள் அளந்து, அதற்கேற்ற ஒலியைக் கொடுக்கின்றன. இரண்டு உணரி இருந்தால், கீ ஏறக்குறைய முழுக்க மேலே வந்த பிறகுதான் மறுபடி அடிக்க முடியும். மூன்று இருந்தால் பாதி எழும்பும்போதே திரும்ப அடிக்கலாம். ஒரே சுரத்தை வேகமாகத் திருப்பித் திருப்பி வாசிக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கடைக்காரர் தானாக வந்து சொல்லாத ஒரு விஷயம் உண்டு. எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ் இரண்டிலும் இருப்பது ஒரே கீ அமைப்பு. ரோலண்ட் அதைப் பிஎச்ஏ-4 என்கிறது. யமஹாவின் பி-145, பி-225 இரண்டுக்கும்கூடக் கீ அமைப்பு ஒன்றுதான், பெயர் ஜிஎச்சி. அதாவது சிறியதை விட்டுப் பெரியதற்குப் போகும்போது நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் விரலுக்கு ஒரு காசுகூடப் போவதில்லை. நல்ல ஒலிபெருக்கி, கூடுதல் பாலிஃபோனி (ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய ஒலிகளின் எண்ணிக்கை), கூடுதல் இணைப்புகள் கிடைக்கும். அவையும் வேண்டியவைதான், ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். கீ அமைப்பே மாறவேண்டும் என்றால் ஒரு படி தாண்டவேண்டும். யமஹாவில் ஒய்டிபி-165 ஜிஎச்3 அமைப்போடு வருகிறது. காவாயில் இஎஸ்520க்கு ஆர்எச்2. இவற்றில் மூன்று உணரி உண்டு.

கடையில் நின்று எப்படிச் சோதிப்பது? எனக்கு வாசிக்கத் தெரியாதே.

வாசிக்கத் தெரியவேண்டாம், சில்லறை போதும். இப்போது புழங்கும் ஒரு வெள்ளி நாணயம் ஒன்று 7.62 கிராம். ஏழு நாணயத்தை அடுக்கினால் 53 கிராம். நிஜ பியானோவின் நடுப்பகுதிக் கீ மெல்ல இறங்கத் தேவைப்படும் எடை 50 கிராமை ஒட்டித்தான் இருக்கும். நடுவில் ஒரு வெள்ளைக் கீயின் நுனியில் நாணயங்களை ஒன்றொன்றாக வைத்துப் பாருங்கள், எத்தனையாவது காசில் இறங்குகிறது என்று. அப்புறம் அதையே இடது ஓரத்தில் வைத்தால் ஒன்றிரண்டு கூடுதலாகக் கேட்கும். நான் இதைச் செய்தபோது கடையிலிருந்த சீன அங்கிள் முதலில் முறைத்தார். பிறகு அவரே தன் பையிலிருந்து மூன்று காசு எடுத்துக் கொடுத்தார்.

அடுத்து, ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுக் கீகளை அழுத்துங்கள். 'டொக் டொக்' என்று எவ்வளவு சத்தம் வருகிறது? இது ஏன் முக்கியம் என்று அண்டைவீட்டார் கேள்வியில் சொல்கிறேன். பிறகு கறுப்புக் கீ ஒன்றின் உள்பக்கத்தை, அதாவது விரல் பின்னால் போய் முட்டும் இடத்தை, அழுத்திப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் அங்கே கீ கல்லாக இருக்கும். பிள்ளைகள் பெரிய பாடங்களுக்குப் போகும்போது விரல் நிறைய நேரம் அங்கேதான் வேலை செய்யும்.

ஹெட்போனை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கடை இரைச்சலில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

61 கீ உள்ள கீபோர்டு வீட்டில் இருக்கிறது. அதிலேயே ஆறு மாதம் ஓட்டலாமா?

ஓட்டினேன், வருந்தினேன். என் மகள் வீட்டில் தடங்கலில்லாமல் வாசித்த பாட்டு, ஆசிரியை வீட்டுப் பியானோவில் பாதிச் சுரங்கள் சத்தமே வராமல் போயிற்று. விரலுக்குப் பலம் இல்லை. "வீட்டில் எதில் பழகுகிறாய்?" என்று ஆசிரியை கேட்க, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வராதா? ஹெட்போன் போட்டால் சரிதானே?

பாதிதான் சரி.

முதலில் நேரக் கணக்கு. 2022இல் அண்டைவீட்டு இரைச்சலை ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணிவரை என்று வைத்துக்கொள்ளப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பு 10.30 முதல் 7 வரை என்று இருந்தது. பள்ளி, துணைப்பாடம், தமிழ் வகுப்பு எல்லாம் முடித்து வரும் பிள்ளைக்கு இரவு ஒன்பதரைக்குத்தான் பியானோ முன்னால் உட்கார நேரம் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். அதனால் ஹெட்போன் கட்டாயம்.

ஒரு நாள் இரவு கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, மிகுந்த மரியாதையோடு, "ஆணி அடிக்கிறீர்களா?" என்று கேட்டார். மகன் ஹெட்போன் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான், வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். எனக்குப் புரியவில்லை. அவரோடு கீழே இறங்கி அவர் படுக்கையறையில் நின்று கேட்டேன். கூரையிலிருந்து 'டொக், டொக் டொக், டொக்'. தாளம்கூடப் புரிந்தது. கீ அடிமட்டத்தில் மோதும் அதிர்வு ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்குள் இறங்கி, கான்கிரீட் வழியாகக் கீழே போய்ச் சேர்கிறது. பெடலை மிதிக்கும் சத்தம் அதைவிட மோசம்.

சரிசெய்ய இருபது வெள்ளிதான் ஆனது. உடற்பயிற்சிக்கு விற்கும் கனமான ரப்பர் பாயை இரண்டு அடுக்காக வெட்டி ஒவ்வொரு காலுக்கு அடியிலும் வைத்தேன், மேலே ஒரு கம்பளம். பெடலும் அந்தக் கம்பளத்தின் மேல்தான். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தபோது, இப்போது கேட்பதில்லை என்றார் அந்த அம்மா. முறுக்குக்காகச் சொன்னாரோ என்னவோ.

ஒலிபெருக்கி எவ்வளவு வாட் வேண்டும்?

படுக்கையறைக்கு எஃப்பி-10இல் உள்ள 6 வாட் இரண்டே போதும். கூடத்தில் வைத்து உறவினர் முன்னால் வாசிக்க ஆசைப்பட்டால் எஃப்பி-30எக்ஸின் 11 வாட் இரண்டு நன்றாக இருக்கும். ஒய்டிபி-165இல் 20 வாட் இரண்டு. ஆனால் முக்கால்வாசி நேரம் ஹெட்போனில்தான் பழகப்போகிறார்கள் என்றால், ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் காசில் நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்குங்கள். கம்பி உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி ஒரு நொடியின் சின்னத் துண்டு தாமதித்து வரும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது, வாசிக்கும்போது பைத்தியம் பிடிக்கும்.

பெட்டியில் வரும் பெடல் போதாதா?

முதல் ஆறு மாதத்துக்குப் போதும். அது வெறும் சுவிட்சு, விளக்கு மாதிரி: ஒன்று எரியும், இல்லை அணையும். நிஜ பியானோவில் பாதி மிதித்தால் பாதி ஒலி நிற்கும். பாதிப் பெடல் பழகவேண்டிய கட்டம் வந்ததும் தனியாக நல்ல பெடல் வாங்கிக்கொள்ளலாம், ரோலண்டுக்கு டிபி-10 என்று இருக்கிறது. மூன்று பெடல் சட்டத்தை எஃப்பி-10இல் பொருத்த முடியாது, எஃப்பி-30எக்ஸில் முடியும். ஸ்டாண்டும் மூன்று பெடலும் சேர்த்துப் பின்னால் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசித்துவிடுங்கள். இன்னொன்று, அந்தச் சின்னப் பெடல் நம் வீட்டு டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பிள்ளை வாசிக்க வாசிக்கக் கால் நீண்டு, கடைசி வரியில் படுத்தபடி வாசிப்பாள்.

பாட்டு வகுப்புக்கும் போகிறாள். கர்நாடக சங்கீதத்துக்கு இது உதவுமா?

உதவும். அதற்காகவே என் வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள்.

கட்டை என்று நாம் சொல்வதே ஆர்மோனியக் கீயைத்தான். மேற்கத்திய சுரப் பெயரில் 1 கட்டை என்றால் சி, 4 என்றால் எஃப், 5 என்றால் ஜி. என் மகள் 5 கட்டையில் பாடுகிறாள். ஆனால் முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் சியிலிருந்து வாசிக்கத்தான் விரலுக்கு வசதி: வெள்ளை, கறுப்பு, வெள்ளை மூன்று, கறுப்பு, வெள்ளை என்று ஸ ரி க ம ப த நி அழகாக உட்கார்ந்துவிடும். எல்லா டிஜிட்டல் பியானோவிலும் டிரான்ஸ்போஸ் என்று ஒன்று இருக்கும். அதில் ஐந்து அரைச்சுரம் கீழே இறக்கினால் சியை அழுத்தும்போது ஜி ஒலிக்கும். விரல் சியில், குரல் 5 கட்டையில். தொடக்கநிலைக் கருவியிலேயே இது உண்டு, இதற்காக ஒரு வெள்ளி கூடக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. கமகம், அதாவது சுரத்தை அசைத்துக் குழைப்பது, இதில் வராது. சுரஸ்தானத்தைச் சரிபார்க்க மட்டும் தொடவேண்டும், பாட்டு முழுக்கக் கூடவே வாசித்தால் குரல் படிக்கட்டு ஏறுவதுபோல் ஆகிவிடும் என்று பாட்டு ஆசிரியை சொன்னார். அப்புறம், முடித்ததும் டிரான்ஸ்போஸைப் பழையபடி வைத்துவிடுங்கள். நாங்கள் மறந்துபோய், மகன் ஒரு வாரம் முழுக்கத் தன் பியானோப் பாடத்தை வேறு சுருதியில் பழகினான். ஆசிரியை வீட்டில் உட்கார்ந்ததும் "இந்தப் பியானோ கெட்டுப்போச்சு" என்றான்.

கருவியில் தம்புராச் செயலியை ஒலிக்கவிட விரும்பினால் ப்ளூடூத் விஷயத்தைக் கவனியுங்கள். எஃப்பி-10இலும் ப்ளூடூத் உண்டு, ஆனால் அது வாசிப்புத் தகவலை மட்டும் பரிமாறும், கைப்பேசிப் பாட்டு அதில் ஒலிக்காது. எஃப்பி-30எக்ஸில் ஒலிக்கும். பெட்டியில் ப்ளூடூத் சின்னத்தைப் பார்த்துவிட்டு வாங்கி ஏமாந்தவர்கள் என் வட்டத்திலேயே இரண்டு பேர்.

64 பாலிஃபோனி, 192, 256 என்கிறார்களே?

ஒரே நேரத்தில் எத்தனை ஒலி நிலைத்து நிற்க முடியும் என்ற கணக்கு. பெடலை அழுத்திக்கொண்டே அடர்த்தியாக வாசித்தால்தான் 64 தீர்ந்துபோய் முந்தைய சுரங்கள் வெட்டுப்படும். முதல் மூன்று, நான்கு கிரேடு (தேர்வு நிலை) பாடங்களில் அது நடக்க வாய்ப்பில்லை. எத்தனை வகை ஒலி இருக்கிறது என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பிள்ளைகள் நாய் குரைக்கும் ஒலியைத்தான் தேடுவார்கள்.

கிரேடு தேர்வுக்கு டிஜிட்டலை ஒத்துக்கொள்வார்களா?

பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் 2020இல் கொண்டுவந்த, காணொளியில் பதிந்து அனுப்பும் தேர்வில் டிஜிட்டல் பியானோவில் வாசிக்கலாம். கீகள் முழு அளவில், எடையோடு, தொடுகைக்கு ஏற்ப ஒலி மாறுவதாக இருக்கவேண்டும், பெடலும் வேண்டும். நேரில் போய்த் தேர்வு எழுதினால் அங்கே பெரும்பாலும் நிஜ பியானோதான் இருக்கும். அதனால் தேர்வுக்கு முந்தைய மாதம் ஒத்திகை அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நாலைந்து முறை வாசிக்க வையுங்கள். ஐந்தாம் கிரேடுக்கு மேல் போகிற பிள்ளைக்குத் தொடக்கநிலைக் கருவி கையைக் கட்டிப்போடும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

ஆறேழு வயது, வகுப்பு இப்போதுதான் ஆரம்பம்: எஃப்பி-10 மாதிரியான ஒன்று, கூடவே அசையாத ஸ்டாண்டு, உயரம் மாற்றக்கூடிய இருக்கை. தொடக்கநிலை விலையில் மூன்று உணரியோடு அது கிடைக்கிறது, அதனால் சொல்கிறேன். கத்தரி மாதிரி மடங்கும் ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம், ஆடும், முழங்கால் இடிக்கும். கால் தரையில் எட்டாத பிள்ளைக்கு அடியில் ஒரு பலகை போடுங்கள்.

மூன்றாம் கிரேடு தாண்டி, நீங்கள் சொல்லாமலே போய் உட்காருகிற பிள்ளை: கீ அமைப்பு மாறும் இடத்துக்கு நேராகத் தாவுங்கள். நடுவில் உள்ள படியில் நின்றால் இரண்டு வருடத்தில் மறுபடி கடைக்குப் போகவேண்டியிருக்கும். நான் நஷ்டத்துக்கு விற்றது அந்த நடுப்படியைத்தான்.

உங்களுக்கே நாற்பது வயதில் ஆசை வந்திருக்கிறதா? முடிந்தால் இடைநிலை. பெரியவர்களுக்கு நேரம் குறைவு, ஒலி நன்றாக இருந்தால்தான் இரவு பத்து நிமிடமாவது உட்காரத் தோன்றும்.

பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

நல்லவை நிறைய வரும். முதலாம் கிரேடோடு நிறுத்திய பிள்ளைகள் இந்த ஊரில் அவ்வளவு பேர். நேரில் போய் 88 கீயையும் ஒன்றுவிடாமல் ஒரே பலத்தில் அழுத்துங்கள். ஒன்று மட்டும் திடீரென்று கத்தினால் உணரி போய்விட்டது என்று அர்த்தம். நடுக் கீகள் மட்டும் 'கடக் கடக்' என்றால் உள்ளே கம்பளித் துணி தேய்ந்திருக்கும். ஜன்னல் ஓரத்தில் மழை தெறிக்கும் இடத்தில் வைத்திருந்தார்களா, உள்ளே எறும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானிலிருந்து தனிப்பட்ட முறையில் கொண்டுவந்தது என்றால் மின்சார விவரத்தைப் படியுங்கள், அங்கே 100 வோல்ட், இங்கே 230.

பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் வாங்கிக்கொண்டு வந்தால் மலிவா?

காலையில் போய் மாலையில் திரும்பினால் வரிச்சலுகை 100 வெள்ளிக்குத்தான். 48 மணி நேரமாவது வெளியே இருந்திருந்தால் 500 வெள்ளிவரை. மீதிக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 700 வெள்ளிக் கருவியை ஒரே நாளில் போய்க் கொண்டுவந்தால் 600க்கு வரி, 54 வெள்ளி. பழுது வந்தால் இங்குள்ள கடை பார்க்குமா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள். எனக்கு அந்தக் கணக்கு கட்டுபடியாகவில்லை. பாலத்தில் வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்தால் சொல்லவே வேண்டாம்.

பராமரிப்பு?

நிஜ பியானோ என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் சுருதி கூட்டவே ஆண்டுக்கு இரண்டு தடவை ஆள் வரவேண்டும். டிஜிட்டலுக்கு அது இல்லை. வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள். ஏசியின் நேர்க்காற்றில் வைக்காதீர்கள்.

பின்னால் விற்கும்போது நல்ல விலை கிடைக்க என்ன செய்வது?

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். 88 கீ கருவி ஏறக்குறைய 130 செ.மீ. நீளம். பெட்டி இல்லாமல் அதை டாக்சியில் ஏற்றுவது பெரும்பாடு. எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதற்குள் பழைய பள்ளிப் புத்தகங்கள்.